சேலையும் சண்டையும்: மகால் பக்கத்தில் ஒரு சுங்குடிக் கூட்டுறவுக் கடை

மதுரைக்கு வருகிற உறவினர்கள் சுங்குடிச் சேலை (துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சேலை) எங்கே வாங்கலாம் என்று கேட்டால், விளக்குத்தூண் பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடைகளைச் சொல்லாமல், திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய கூட்டுறவு விற்பனை நிலையத்துக்கே நான் சில ஆண்டுகளாக அவர்களை அனுப்பி வருகிறேன். முடிச்சுப் போடும் பெண்களும், சாயம் தோய்ப்பவர்களும், கணக்கும் விற்பனையும் பார்ப்பவர்களும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்து நடத்தும் கடை அது. சேலை எப்படி, விலை எப்படி, கவனிப்பு எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தச் சேலைகளைப் பற்றிப் பேசும்போது, அதைச் செய்பவர்கள் தங்களுக்குள் எப்படிச் சண்டையிட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. அங்கே சேலையில் தொங்கும் அட்டைச்சீட்டின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வாக்குவாதத்தின் முடிவாக வந்தது. உள்விவகாரங்களும் வரும் என்பதால் சங்கத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அது நியாயம் என்று பட்டதால் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்.

முதலில் சேலை. நாயக்கர் ஆட்சிக்காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராஷ்டிர நெசவாளர்களின் கைத்தொழில் சுங்குடி என்பதும், 2005ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதும் பலருக்கும் தெரியும். இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் அடுக்கியிருக்கும் சேலைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு முடிச்சுகூட விழுந்ததில்லை என்பதுதான் வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. அச்சுக்கட்டையை உருகிய மெழுகில் தொட்டுத் துணியில் பதித்து, சாயத்தில் தோய்த்து, பிறகு வெந்நீரில் மெழுகை நீக்கி எடுப்பது ஒரு முறை. ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளியையே வண்ணமாகப் பதித்துவிடுவது இன்னொரு முறை. பழைய முறையில் துணியை மடித்து இடம் குறித்துக்கொண்டு, விரல் நுனியால் கடுகளவு துணியைக் கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சிட வேண்டும். நெருக்கமாகப் புள்ளி வைக்கும் சேலையில் 20,000 முடிச்சு வரை போவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு சேலை ஒரு பெண்ணின் கையில் 10 முதல் 15 நாள் வரை இருக்கும். சாயம் ஏறி உலர்ந்த துணியை இருவர் இரு முனையிலும் பிடித்துச் சுண்டி இழுத்தால் நூலெல்லாம் படபடவென்று தெறித்து உதிர்கிறது, சாயம் நுழையாத இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக வெளிப்படுகின்றன.

கைமுடிச்சைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அன்று. புள்ளிகள் அனைத்தும் ஒரே அளவாக, நல்ல வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முடிச்சிட்ட புள்ளி கொஞ்சம் கோணலாகவும் சதுரம் கலந்த வடிவிலும் இருக்கும். நூல் கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துணி நுனியில் சாயம் பட்டிருப்பதால் புள்ளியின் நடுவே ஒரு சிறு வண்ணத் துளி தெரியும். துவைக்காத புதுச் சேலையை உள்ளங்கையால் தடவினால் சிறு சிறு மேடுகள் தட்டுப்படும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் முன்பக்கத்தில் உள்ள அதே தெளிவு இருக்கும். மேலோட்டமான அச்சில் அது இருக்காது. இவற்றையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கடையின் விற்பனைப் பெண்தான். அதுவும், பக்கத்து அலமாரியில் இருந்த அவர்களுடைய அச்சுச் சேலையையே எடுத்துக் காட்டி, "இதுல அந்தத் துளி இருக்காது பாருங்கம்மா" என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்.

நான் அங்கே எடுத்த அரக்கு நிறச் சேலை முதல் சலவையில் நன்றாகவே சாயம் கக்கியது, அடுத்த சலவையில் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. முதல் முறை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து நிழலில் காயப்போடச் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்ததில் புள்ளிகளின் வெண்மை கெடவில்லை. துணி மெல்லிசு, மதுரை வெயிலுக்கு இதைவிடத் தோதான சேலை எனக்குத் தெரியாது. கஞ்சி போட்டுக் கட்டினால் மிடுக்காக நிற்கிறது, போடாவிட்டால் உடம்போடு படிந்துகொள்கிறது. ஜரிகைக் கரை வைத்தவையும் உண்டு, ஆனால் என் கண்ணுக்கு வெறும் நூல் கரைதான் பொருத்தமாகப் படுகிறது. நான் கடைசியாகச் சென்றபோது அச்சுச் சேலைகள் 700 ரூபாயை ஒட்டியும், கைமுடிச்சுச் சேலைகள் புள்ளியின் நெருக்கத்தைப் பொறுத்து 2,000 ரூபாய்க்கு மேலும் விலை குறிக்கப்பட்டிருந்தன. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் விற்பனை நிலையங்களைப் போலப் பண்டிகைக்காலத் தள்ளுபடி இங்கே கிடையாது. விலை பேசவும் இடமில்லை.

கடைக்குள் நுழைந்ததும் இடப்புறம் கைமுடிச்சு, வலப்புறம் மெழுகு அச்சு என்று இரண்டு அலமாரிகள். இடப்புறச் சேலை ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. துணியின் நூல் எண், சாயம் தோய்த்த மாதம், முடிச்சிட்டவரின் உறுப்பினர் எண், ஏறக்குறைய எத்தனை புள்ளி, அதற்குக் கொடுக்கப்பட்ட முடிச்சுக் கூலி எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. விற்பனைச் சீட்டில் கூலியை எழுதி வைக்கும் ஜவுளிக்கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வலப்புறச் சீட்டில் "மெழுகு அச்சு, முடிச்சு இல்லை" என்ற ஒரே வரிதான், சற்றுப் பெரிய எழுத்தில்.

இந்த இரண்டு அலமாரிகளும் சங்கத்தை இரண்டாக உடைக்கப் பார்த்தவை. தொடக்கத்தில் கைமுடிச்சுச் சேலை மட்டுமே விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்பனை மந்தமாகி வாடகை பாக்கி விழுந்தபோது, கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சாயம் தோய்ப்பவர்களும் அச்சுச் சேலையையும் போட்டு விற்கலாம் என்றார்கள். சாயக்காரர்களுக்கு அதில் தனி லாபமும் உண்டு. முடிச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பட்டறை ஓடிக்கொண்டே இருக்கும். முடிச்சுப் போடும் பெண்கள் ஒரேயடியாக மறுத்தார்கள். "எங்க முடிச்சுக்குப் பக்கத்துல அச்சுச் சேலைய வச்சீங்கன்னா, வர்றவுக அதத்தானே எடுத்துட்டுப் போவாக? அப்புறம் நாங்க எதுக்கு அண்ணே சங்கத்துல?" என்று ஒருவர் கேட்டதும், "கடைக்கு ஆள் வந்தாத்தானக்கா உங்க முடிச்ச எடுத்துக் காட்டவே முடியும்" என்று விற்பனைக்காரர் பதில் சொன்னதும், இரண்டு பேருமே இன்றும் சிரித்துக்கொண்டு ஒப்பிக்கிற வசனங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதையும் இருவருமே சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பை நடத்தாமல் விட்டதுதான் அவர்கள் செய்த முதல் நல்ல காரியம் என்று நினைக்கிறேன். அன்றே கை தூக்கச் சொல்லியிருந்தால், எண்ணிக்கையில் அதிகமான முடிச்சுப் பெண்கள் எளிதாக வென்றிருப்பார்கள், கடைக்காரர்கள் அடுத்த மாதமே வேறு வேலை தேடியிருப்பார்கள். தலைவராக இருந்த அம்மா, இரு தரப்பும் அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் கணக்கை எடுத்துவர வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். அடுத்த கூட்டத்தில் கடையின் வாடகை, மின்கட்டணம், மாத விற்பனை எல்லாம் கரும்பலகையில் எழுதப்பட்டன. முடிச்சுப் பெண்கள் தங்கள் தரப்பில், ஒரு சேலைக்கு வாங்கும் கூலியை நாளுக்கு வகுத்தால் எவ்வளவு நிற்கிறது என்று எழுதினார்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு சாயக்காரர்கள் சிறிது நேரம் பேசவில்லையாம். வாடகைக் கணக்கைப் பார்த்த பெண்களில் சிலரும் தங்கள் பிடியைத் தளர்த்தினார்கள்.

முடிவில் அச்சுச் சேலைக்கு ஆதரவாகவே பெரும்பான்மை அமைந்தது. ஆனால் தீர்மானம் வெறும் ஒப்புதலோடு நிற்கவில்லை. இரண்டும் தனித்தனி அலமாரியில் இருக்க வேண்டும்; அச்சில் முடிச்சு இல்லை என்று எழுதித்தான் விற்க வேண்டும்; சித்திரைத் திருவிழா விற்பனை முடிந்ததும் இந்தத் தீர்மானம் தானாகவே காலாவதியாகி மறுபடி வாக்குக்கு வர வேண்டும்; எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயரும் காரணமும் அப்படியே பதிவாக வேண்டும். இவற்றோடு, மிகக் கடுமையாக எதிர்த்த பெண்ணிடமே சீட்டு எழுதும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையெழுத்து இல்லாத சேலை எந்த அலமாரிக்கும் ஏறக்கூடாது. சமாதானத்துக்காகக் கொடுக்கப்பட்ட அலங்காரப் பதவி என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஒரு முறை நான் நின்றுகொண்டிருந்தபோதே, அச்சுச் சேலைகள் சில சீட்டு இல்லாமல் இடப்பக்கம் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அத்தனையையும் அள்ளி மேசையில் போட்டார். அதன் பிறகு அந்தப் பதவியைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது.

சித்திரை கழிந்து மறு வாக்கெடுப்பு வந்தபோது, அச்சு அலமாரி தொடரலாம், ஆனால் கடைச் சரக்கில் பாதிக்கு மேல் அச்சு இருக்கக்கூடாது என்று ஒரு வரம்பு சேர்ந்தது. இன்றும் ஆண்டுதோறும் அது வாக்குக்கு வருகிறது. இன்றும் சிலர் எதிர்த்தே வாக்களிக்கிறார்கள். தோற்றவர்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்பது தெரிந்திருப்பதால், இடைப்பட்ட மாதங்களில் யாரும் கடையை முடக்கவில்லை.

தீர்மானப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கூட்டுறவுத் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எந்தச் சங்கத்துக்குப் போனாலும் ரொக்கப் புத்தகத்துக்கு அடுத்து என் கை அதற்குத்தான் போகும். பெரும்பாலான சங்கங்களில் பக்கத்துக்குப் பக்கம் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றே இருக்கும். ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு சங்கத்தில் பல ஆண்டுகளாக ஒரு மாற்றுக் கருத்துகூடப் பதிவாகியிருக்கவில்லை; கையெழுத்துகள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் இருந்தன; கடைசியில் உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி கடைச் சாவியையும் மற்றது ரசீதுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, விவகாரம் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றது. சண்டைகள் எல்லாம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நடந்திருக்கின்றன; புத்தகத்துக்கு மட்டும் அவை வரவே இல்லை. மகால் பக்கத்துச் சங்கத்தின் புத்தகத்திலோ "எதிர்த்து ஐவர்", "நடுநிலை இருவர்", "இன்னார் சொன்னது: இந்தக் கூலி சாயக்காரருக்கு மட்டும் சாதகம்" என்று பக்கங்கள் கறுத்துக் கிடக்கின்றன. கையெழுத்து மோசம், எழுத்துப்பிழை நிறைய. தணிக்கையாளராக எனக்கு இந்தப் புத்தகம்தான் நிம்மதி தருகிறது.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி பங்குத்தொகை எவ்வளவாக இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். சங்கத்தின் நிர்வாகம், வணிகம் தொடர்பாக உறுப்பினர்களுக்குள் எழும் தகராறுகளைப் பதிவாளரிடம் கொண்டுசெல்ல அச்சட்டத்தின் 90ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தக் கதவு இருப்பது நல்லதுதான், ஆனால் அதைத் தட்டுகிற நிலை வந்துவிட்டால் தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் இரு தரப்பும் மறுபடி ஒரே பாயில் உட்கார்ந்து சேலை மடிப்பது அரிது. சட்டத்துக்கு முன்னால், துணைவிதிக்கும் முன்னால், தினசரி உரசல்களுக்கு ஒரு சங்கம் கைவசம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதையே நான் பார்ப்பேன். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அது ஓர் அட்டை. நடுவில் நான்கு அங்குலச் சதுரமாக வெட்டி எடுத்த, ஓரங்கள் நைந்துபோன, சாயக்கறை படிந்த அட்டை. முடிச்சுக் கூலி எண்ணிக்கைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான முடிச்சை யார் எண்ணுவது? முன்பு சரக்கு வாங்கிக்கொள்பவர் கண்ணால் பார்த்து ஒரு மதிப்புச் சொல்வார். அவருக்கு வேண்டியவர்களின் சேலையில் புள்ளி அதிகமாகவும் மற்றவர்களுடையதில் குறைவாகவும் தெரிகிறது என்ற பேச்சு எழுந்து, அக்கா தங்கையாகப் பழகியவர்கள் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு வளர்ந்தது. இப்போது அந்த அட்டையைச் சேலையின் மூன்று இடங்களில் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் முடிச்சுகளை எண்ணி, சராசரி எடுத்து, முடிச்சு விழுந்த பரப்புக்குப் பெருக்கிக்கொள்கிறார்கள். மூன்று இடங்களில் ஒன்றை முடிச்சிட்டவர் தேர்ந்தெடுப்பார், ஒன்றைச் சரக்கு வாங்கிக்கொள்பவர், மூன்றாவதை அந்த நேரத்தில் அங்கே இருக்கும் வேறு உறுப்பினர் யாராவது. முடிச்சிட்டவரும் சரக்கு வாங்கிக்கொள்பவரும் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ண வேண்டும். நான் பார்த்த அன்று ஓர் இடத்தில் 61 என்றும் 63 என்றும் வந்து, இருவரும் குனிந்து மறுபடி எண்ணி 62இல் நின்றார்கள். இரண்டு முடிச்சில் எவ்வளவு கூலி போய்விடும் என்று கேட்கத் தோன்றலாம். எண்ணிக்கையில் வாய் வைக்க முடியாதபடி செய்துவிட்டதால்தான் மற்ற விஷயங்களில் வாய் திறந்து பேச முடிகிறது என்று சங்கச் செயலாளர் சொன்னார்.

இன்னொரு சிக்கல் மொழியைச் சுற்றி வந்திருக்கிறது. சாயக்காரர்களும் கடை பார்ப்பவர்களும் பெரும்பாலும் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். முடிச்சுப் பெண்களில் பலர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் தமிழ்க்காரர்கள். கூட்டம் சூடேறும்போது ஒரு பக்கத்தார் தங்கள் வீட்டு மொழிக்கு மாறிக்கொண்டால், மறு பக்கத்தார் தங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. தவறான எண்ணம் யாருக்கும் இல்லாதபோதே இது பல கூட்டங்களைக் கெடுத்திருக்கிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் புரிகிற தமிழில் மட்டுமே பேச வேண்டும், மீறியவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வடைச் செலவு யார் கணக்கில் அதிகம் என்பதும் புத்தகத்திலேயே இருக்கிறது.

சாயம் கெட்டுப்போனால் யார் நஷ்டம் ஏற்பது என்ற தகராறைத் தீர்த்திருக்கும் விதம் வாங்குபவர்களுக்கும் பயன் தருவது. ஒரு தொகுதி திட்டுத்திட்டாகச் சாயம் ஏறிவிட்டால், முடிச்சிட்டவருக்குக் கூலி முழுதாகக் கொடுக்கப்படுகிறது. அவர் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது. சாயக்காரரிடம் பிடித்தம் செய்வதில்லை; கடைசியில் மிஞ்சும் இழப்பை எல்லோரும் சேர்ந்து போட்டிருக்கும் பொது நிதி தாங்குகிறது. ஒரே ஆள் கையில் அடுத்தடுத்து நடந்தால் மட்டும் குழுவில் விசாரணை. இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கவனமாக வேலை செய்பவர், கவனமில்லாதவரின் பிழைக்குப் பணம் கட்டுகிறார் என்பது அவர்கள் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. எப்படியோ, அந்தச் சேலைகள் கடையின் பின்பக்கக் கூடையில் "சாயப் பிழை" என்று எழுதப்பட்டு ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கின்றன. பிழை எங்கே என்று நூலால் ஒரு சுற்றுப் போட்டுக் காட்டியிருப்பார்கள். மடிப்புக்குள் மறைந்துவிடும் இடத்தில் பிழை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். என் வீட்டில் அன்றாடம் கட்டுவதற்கு அந்தக் கூடையிலிருந்துதான் எடுக்கிறேன்.

லாபப் பங்கீட்டில் பெரிய சண்டை வந்ததாகத் தெரியவில்லை. காப்பு நிதிக்கும் கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பங்கு ஈவாகப் பிரிக்க மிஞ்சுவது சொற்பம். கடன் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறார்கள். உறுப்பினரின் சம்பந்தியே வந்தாலும் ரொக்கம் அல்லது கைப்பேசி வழிப் பணம்தான். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844இல் நெசவாளர்களும் பிறருமாக 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையும் இப்படி ரொக்கத்துக்கு மட்டுமே விற்றது. அதையும், ஆளுக்கொரு வாக்கு என்ற அவர்களுடைய விதியையும்தான் உலகம் முழுவதும் கூட்டுறவுக்காரர்கள் பாடமாகப் படிக்கிறோம். மகால் பக்கத்தில் அந்தப் பாடத்தைப் படித்து யாரும் விதி வகுக்கவில்லை. ஓர் உறுப்பினரின் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடனாகப் போன சேலைகளின் பாக்கியை யார் போய்க் கேட்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்றதில்தான் அந்த விதி பிறந்தது.

கடையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பில் போடுவது ஆமை வேகம். கைமுடிச்சுச் சேலைக்குச் சீட்டின் அடிப்பகுதியைக் கிழித்து, பதிவேட்டில் உறுப்பினர் எண்ணுக்கு நேரே எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகுதான் பை கைக்கு வரும். கூட்டம் நடக்கும் பிற்பகல்களில் கடையை இழுத்து மூடிவிடுகிறார்கள். கதவில் ஓர் அறிவிப்பைத் தவிர முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. வெளியூரிலிருந்து வெயிலில் வந்த என் நாத்தனார் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனார். ஒருவராவது கடையில் இருக்கலாமே என்று கேட்டேன். கடையில் இருக்கிறவரின் வாக்கு போய்விடும், அப்புறம் கடையில் உட்காரவைத்தே ஆளைக் கழற்றிவிட்டதாகப் பேச்சு வரும் என்றார்கள். வாதம் சரி, என் நாத்தனாருக்கு அது ஆறுதல் அன்று. கைப்பேசியில் அனுப்பும் விசாரணைகளுக்குப் பதில் வர நாளாகிறது. ரவிக்கைத் துண்டு எல்லாச் சேலையிலும் இருக்காது, கேட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்.

வாடிக்கையாளர் முன்னிலையில் விவாதிக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதிகளில் ஒன்று. அது எப்போதும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை நான் கையில் எடுத்தபோது, விற்பனைப் பெண் சாயம் நிற்கும் என்றார், உள்ளேயிருந்து வந்த சாயக்காரர் இந்த நிறம் கொஞ்சம் போகும் என்றார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். "அண்ணே, கூட்டத்துல பேசிக்குவோம்" என்று அந்தப் பெண் சொன்னதும் அவர் உள்ளே போய்விட்டார். பிறகு அந்தப் பெண்ணே, "அவுக சொல்றதுதாம்மா சரி, தனியாத் துவைங்க" என்று சீட்டின் பின்னால் எழுதியும் கொடுத்தார். விதியை மீறி ஒலித்த அந்த மாற்றுக் கருத்தால் எனக்கு நன்மைதான். ஆனாலும் அவசரத்தில் இருக்கும் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது, விளக்குத்தூண் பக்கம் இரண்டாவது கடை போடலாமா என்ற விவகாரம். கூடுதல் வாடகைக்கு அச்சு வரம்பைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்று ஒரு சாராரும், அப்படியானால் கடையே வேண்டாம் என்று மறு சாராரும் நிற்கிறார்கள். கணக்கை எடுத்துவரச் சொல்லித் தள்ளிவைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போகும் என்று செயலாளரிடம் கேட்டதற்கு, தம் வாக்கு எந்தப் பக்கம் என்பதைக்கூட அவர் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்பே, மாசி பங்குனியிலேயே போய்விடுங்கள், நெருக்கப் புள்ளிச் சேலைகள் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வெகு முன்னரே தீர்ந்துவிடுகின்றன. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்கலாம், ஒரு மாதமாவது ஆகும். சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். துவைக்காத சேலையைச் சீட்டோடு கொண்டுபோனால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறார்கள், சீட்டு இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்துப் போடும் அம்மாவிடம் பேசிப் பயனில்லை.